பதினோரு வருடத்தை அழித்த டிசைனர்

சுயவிவரத்திலிருந்து பதினோரு வருடத்தை அழித்த அன்று சாயங்காலமே டிசைனரின் மகளுக்கு நிழல் விழுவது நின்றுபோயிற்று. திங்கட்கிழமை, மணி ஐந்தே கால், வெயில் நன்றாகச் சாய்ந்திருந்தது. தெருப் பிள்ளைகள் விளையாடிவிட்டு வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு மஞ்சள் சுவரில் ஆறு பிள்ளைகளுக்கு ஐந்து நிழல்தான் நடந்தது. முதலில் பார்த்தவர் தையல்காரர். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, வாசலில் நின்ற டிசைனரிடம், "என்னம்மா, உங்க வாலுக்கு நிழலைக் காணோமே? விளையாடின இடத்துலயே விட்டுட்டு வந்துட்டாளா?" என்று கேட்டார், சட்டையில் ஒரு பொத்தான் குறைவதைச் சொல்கிற மாதிரி. வாலு என்பது அந்த எட்டு வயது மகளுக்குத் தெரு வைத்த பெயர். ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காத பிள்ளையை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அன்றைக்குப் பார்த்து பால் விலை ஏறியிருந்தது. தெரு முழுக்க அதே பேச்சாக இருந்ததால் நிழல் விஷயம் அத்தோடு அமுங்கிப்போனது. டிசைனர் மட்டும் மகளைச் சட்டென்று வீட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். காலையில் தான் என்ன காரியம் செய்துவிட்டு வந்தோம் என்று அவளுக்குத்தானே தெரியும்.

அழித்த கதைக்கு முன்னால், அழிக்க வேண்டி வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். அவள் பதினோரு வருடம் வேலை பார்த்தது ஒரு மடக்கு ஏணிக் கம்பெனியில். படிப்பு முடித்த கையோடு சேர்ந்தவள். ஏணிக் காலை விரித்தவுடன் 'டக்'கென்று தானாகப் பூட்டிக்கொள்ளும் ஒரு பூட்டை இரண்டாம் வருடத்திலேயே வரைந்து கொடுத்தாள். கம்பெனிக்கு அந்தப் பூட்டால்தான் பேர் வந்தது. பத்தாம் வருடம் வரை அந்தப் பேருக்கு ஒரு குறைவும் இல்லை. ஏணிக் கம்பெனியில் இருக்கிறேன் என்றால் வாடகை வீட்டுக்காரர்கள் மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்தார்கள். பதினோராம் வருடம், இரண்டே மாதத்தில், வெவ்வேறு ஊர்களில் நாற்பத்தொரு பேர் அந்த ஏணியிலிருந்து விழுந்தார்கள். முப்பத்தொன்பது பேர் எழுந்துவிட்டார்கள். ஒரு பெயின்டரும் ஒரு நூலகரும் எழவே இல்லை. பூட்டுக்குள் இருக்கும் எஃகுக் குச்சி எட்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டியது, ஆறாகச் சுருங்கியிருந்தது என்று கண்டுபிடித்தார்கள். முதலாளி ஒரு வெள்ளிக்கிழமை காரில் ஏறிப் புறப்பட்டார். கார் இன்னும் போய்க்கொண்டே இருப்பதாகப் பெட்ரோல் பங்க்காரர்கள் சொல்கிறார்கள். கம்பெனி மூடியது. ஆனால் பேர் மூடவில்லை. ஆபீஸ்களில் யாராவது அரைகுறையாக வேலை செய்தால், "ஏணிக் கம்பெனி வேலை பண்ணாதே" என்று திட்டுகிற வழக்கம் அப்போது வந்ததுதான்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்தில் டிசைனர் பதினேழு இடத்தில் நேர்காணலுக்குப் போனாள். பதினேழிலும் ஒரே கதை. உட்காரச் சொல்வார்கள், சிரிப்பார்கள், தாளை வாங்குவார்கள். கண் முதல் வரியில் ஓடும், இரண்டாம் வரியில் ஓடும், மூன்றாம் வரியில் கால் தடுக்கினாற்போல் நிற்கும். அங்கேதான் கம்பெனிப் பேர் இருந்தது. உடனே மூஞ்சி செத்துவிடும். ஓரிடத்தில் அவளுக்காக வந்த டீ பாதி வழியிலேயே திரும்பிப் போனது. இன்னோரிடத்தில், மேசையில் கை ஊன்றாமல் பேசுங்கள் என்று தன்மையாகக் கேட்டுக்கொண்டார்கள். பதினான்காவது இடத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே பல்ப் ஃபியூஸ் போனது. மாற்றுவதற்கு ஏணியோடு ஓர் ஆள் வந்து, இவள் யாரென்று காதில் வாங்கிக்கொண்டதும், ஏறாமலேயே நின்றான். மீதி நேர்காணல் முழுவதும் இருட்டில் நடந்தது. எல்லாரும் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை. வரைகிற கை சும்மா இருந்தால் எப்படி இருக்கும் என்று வரைகிறவர்களைத்தான் கேட்க வேண்டும். அவள் காய்கறி நறுக்கும்போது பலகையில் கத்தியால் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படியே இன்னொரு வருடம் போனால் தன்னை டிசைனர் என்று கூப்பிட யாரும் இருக்க மாட்டார்கள் என்ற பயம் அவளை உள்ளுக்குள் அரித்தது.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பதினேழு பேரில் ஒருவர்கூட, பூட்டுக் குச்சி எப்படி ஆறானது என்று அவளிடம் கேட்கவில்லை. பேரைப் பார்த்ததுமே அனுப்பிவிட்டார்கள். வெளியே வரும்போது அழுகை ஒரு பக்கம் வந்தாலும், அந்தக் கேள்வி வராமல் போனதே என்று இன்னொரு பக்கம் மூச்சு விடுவாள். அந்த நிம்மதி அவளுக்கே பிடிக்கவில்லை.

பதினோரு வருடத்தையும் எடுத்துவிடச் சொன்னது அவள் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "பேரைப் போட்டாத்தானே பிரச்சனை? போடாதே. படிப்பு முடிச்சேன், வீட்டுல இருந்தேன், இப்ப வேலை தேடறேன். முடிஞ்சுது. உன் மூஞ்சியில எழுதியா ஒட்டியிருக்கு?" என்றான். அவளுக்கும் அது சரியென்றே பட்டது. மறுநாள் காலையில் அச்சுக்கடைக்குப் போனாள். அந்தத் தெருக்கோடி அச்சுக்கடைக்காரர் இருபது வருடமாகச் சுயவிவரம் அடித்துக் கொடுப்பவர், ஊரில் பாதிப் பேருடைய வாழ்க்கை அவருடைய கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எடுக்கலாம்மா, எடுக்க எனக்கு ஒரு நிமிஷம். ஆனா வருஷத்தை எடுத்தா அதுல இருந்ததும் சேர்ந்து போகும், பாத்துக்குங்க. போன மாசம் ஒருத்தர் மூணு வருஷம் எடுத்தாரு. அவர் வீட்டு மாடிப்படி போயிடுச்சு. இப்ப ஏணி வெச்சுத்தான்…" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். டிசைனர் அதையெல்லாம் கேட்கிற நிலையில் இல்லை. மாடிப்படி போனால் போகட்டும், தன் வீட்டில் மாடியே இல்லை என்று நினைத்தாள். அவர் ஒரு விசையைத் தட்டினார். பதினோரு வருடம் போயிற்று. தாளும் பாதியாகிவிட்டது.

புதன்கிழமை பதினெட்டாவது நேர்காணல். ஆஸ்பத்திரிக் கட்டில் செய்கிற கம்பெனி. பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும், பக்கக் கம்பியை ஏற்றினால் நோயாளி உருள மாட்டார். கிளம்பும் முன் கண்ணாடி பார்த்தபோது நரைமுடி ஒன்றுகூட இல்லை. கட்டைவிரலில் ஐந்தாம் வருடம் கத்தி வெட்டிய தழும்பும் இல்லை. அங்கிருந்த மேலாளர் ஐம்பது வயதுப் பெண்மணி, கண்டிப்பானவர் என்று பேர். அவரே, "வாம்மா கண்ணு, உக்காரு, படிப்பு இப்பத்தான் முடிச்சியா?" என்று கேட்டார். முப்பத்தாறு வயதுக்காரி "ஆமா மேடம்" என்றாள். இருபது நிமிஷத்தில் வேலை கிடைத்தது, புதியவர்களுக்கான கடைசி நிலையில்தான், ஆனாலும் வரைகிற வேலை. பக்கக் கம்பிக்கு ஒரு பூட்டு வரைந்துகொண்டு திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். அன்றைக்கே சுயவிவரத்தில் கம்பெனி முத்திரை விழும். முத்திரை விழுந்துவிட்டால் அதற்கப்புறம் ஓர் எழுத்தும் மாற்ற முடியாது, அங்கே சட்டம் அப்படி. ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு டீ முழுசாக அவள் கைக்கு வந்தது. அடிவரை குடித்துவிட்டுத்தான் டம்ளரைக் கீழே வைத்தாள்.

வாலுக்கு முதல் இரண்டு நாள் கொண்டாட்டம்தான். கண்ணாமூச்சியில் அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. நிழல் இல்லாத பிள்ளையைத் தூணுக்குப் பின்னால் எப்படிக் கண்டுபிடிப்பது? பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. வியாழக்கிழமை வகுப்பில் டீச்சர் வருகைப் பதிவு எடுத்தபோது அவளுக்கு முந்தைய பேரிலிருந்து அடுத்த பேருக்கு நேராகத் தாண்டிப் போனார். இவள் "உள்ளேன்" என்று மூன்று தரம் கத்தியும் காதில் விழவில்லை. கதவு நிலையில் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பென்சிலால் குறித்த உயரக் கோடுகள் மேலிருந்து ஒவ்வொன்றாக மறைந்துகொண்டே வந்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்த டிசைனருக்கு, மகளுடைய முழங்காலின் வழியாகப் படிக்கல்லின் விரிசல் தெரிந்தது. "நான் ஒளிஞ்சுக்கிட்டேம்மா. ரொம்ப நேரம் ஒளிஞ்சுக்கிட்டேன். யாரும் என்னைத் தேடவே இல்லை. ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க." டிசைனர் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மடியில் கனம் இல்லை. துவைத்துக் காய்ந்த துண்டு ஒன்றை மடியில் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. ஐயோ, என் பிள்ளையை நானே அழித்துவிட்டேனே என்று அவளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணனுக்கு ஃபோன் செய்து அழுதாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்தப் பொண்ணு?" என்றான். விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்தாள். அவன் விளையாடவில்லை.

கணவனின் விஷயம் வேறு மாதிரி. அவன் ஏணிக் கம்பெனியில் வெல்டராக இருந்தவன். முதல் இரண்டு வருடம் இவளுடைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "மேடம், இந்த வளைவு எத்தனை டிகிரி?" என்று கேட்டுக் கேட்டே பழகி, மூன்றாம் வருடம் கல்யாணம் செய்துகொண்டவன். கம்பெனி மூடிய பிறகு ஒரு கேட் பட்டறையில் சேர்ந்துவிட்டான். வெல்டரிடம் கம்பெனிப் பேரை யாரும் மூன்றாம் வரியில் தேடுவதில்லை. வியாழக்கிழமை அவன் 'நீ' என்பதிலிருந்து 'நீங்க'வுக்கு மாறினான். வெள்ளிக்கிழமை குளியலறையிலிருந்து வந்தவன் இவளைப் பார்த்ததும் அவசரமாகச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். சனிக்கிழமை காலையில் தட்டோடு சமையலறை வாசலில் நின்று, "மேடம், தப்பா நினைக்காதீங்க, நான் எப்படி இங்க வந்தேன்னு தெரியலை. ஆனா நீங்க போடுற சாப்பாடு நல்லாருக்கு" என்றான். வேறொரு நாளாக இருந்தால் சிரித்துச் சிரித்து வயிறு வலித்திருக்கும். அவன் மரியாதைப்பட்டவன், அன்று ராத்திரி பாயைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவில் படுத்தான்.

பூட்டாவது வரையலாம் என்று சனிக்கிழமை மத்தியானம் தாளை விரித்தாள். கோடு வந்தது. வட்டம் வந்தது. பூட்டு வரவில்லை. எந்த இடத்தில் அழுத்தம் விழும், எங்கே உலோகம் முதலில் தளரும் என்பதெல்லாம் கையில் இருந்த விஷயம், பதினோரு வருடம் தேய்த்துத் தேய்த்து வந்த விஷயம். அதுவும் சேர்ந்து போயிருந்தது. இப்போது அவள் நிஜமாகவே படிப்பு முடித்த கையோடு இருந்தாள், புத்தகத்தில் இருப்பது மட்டும்தான் தெரிந்தது. இந்தக் கையோடு போய் நோயாளி படுக்கிற கட்டிலுக்குப் பூட்டு வரைந்தால் என்ன ஆகும் என்று நினைத்தபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அச்சுக்கடையின் பாதிக் கதவைத் தட்டித் திறக்க வைத்தாள். "பேரைத் திருப்பிப் போடுங்க. பதினோரு வருஷத்தையும் போடுங்க" என்றாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பேரை அடித்தார், வருடத்தை அடித்தார், 'ஏணி வடிவமைப்பு' என்று அடித்தார். தாள் இயந்திரத்திலிருந்து சூடாக வந்தபோதே அவளுடைய கட்டைவிரலில் தழும்பு வந்துவிட்டது. கடைக்காரர் அவள் தலையைப் பார்த்து, "நரையும் வந்துடுச்சும்மா" என்று நல்ல சேதி சொல்கிற குரலில் சொன்னார். அவள் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். வாசலில் கணவன், "எங்கடி போயிட்டே காலங்காத்தால? இந்தப் பாயை யாரு வராந்தாவுல போட்டது? முதுகு பிடிச்சுக்கிச்சு" என்று கத்தினான். அந்த 'டி'யைக் கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது. "வாலு எங்கே?" என்றாள். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். முகம் மாறியது. "இங்கதான் இருக்கா. குரல் கேக்குது. ஆள் தெரியலை" என்றான்.

எல்லாம் திரும்பி வந்தது, பிள்ளை மட்டும் வரவில்லை. "அம்மா, பசிக்குது" என்ற குரல் சமையலறைப் பக்கம் கேட்டது, கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் பக்கம் கேட்டது, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தூரத்திலிருந்து. கதவு நிலையில் ஒரே ஒரு கோடு மிச்சம் இருந்தது, ஒரு வயதுக் கோடு. டிசைனர் கடைக்கு ஃபோன் செய்தாள். அச்சுக்கடைக்காரர் நிதானமாக, "அப்படின்னா எழுதாம விட்டது ஏதாச்சும் இருக்கும்மா. யோசிச்சுப் பாருங்க. நான் கடையைச் சாத்திட்டேன், கையாலயே எழுதுங்க, கையெழுத்துக்கும் வேலை செய்யும்" என்றார். யோசிக்க அவளுக்கு ஒன்றும் இல்லை. ஒரு வருடமாக வேறெதையும் அவள் யோசித்ததே இல்லை.

சாப்பாட்டு மேசையில் கணவனை உட்கார வைத்துச் சொன்னாள். ஏணிக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வரைபடமும் வலது கீழ்மூலைக் கட்டத்தில் டிசைனர் கையெழுத்து இல்லாமல் பட்டறைக்குள் போகாது. இவளுக்குப் பிள்ளை பிறந்தது நான்காம் வருடம். பால் கொடுக்க மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தாக வேண்டும். மூன்று மணிக்கு மேல் வரும் திருத்தங்கள் மறுநாள் வரை காத்துக்கிடக்க, முதலாளி முணுமுணுக்க ஆரம்பித்தார். அதற்கு அவளே ஒரு வழி சொன்னாள். தினமும் கிளம்பும் முன், ஒன்றும் வரையாத பதினைந்து இருபது வெற்றுத் தாள்களில் கட்டத்துக்குள் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போனாள். பிள்ளை பால்குடி மறந்தது. நடந்தது, பேசியது, பள்ளிக்கூடம் போனது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுவது மட்டும் நிற்கவில்லை. ஏழு வருடம். அப்படி ஒரு தாளில்தான் முதலாளி எட்டை ஆறாக்கி வரைய வைத்தார்.

"கீழே இருக்கறது என் கையெழுத்துங்க" என்றாள். "நான் அந்த வரைபடத்தைப் பாக்கவே இல்லை. ஆனா கையெழுத்து என்னோடது. அந்தப் பெயின்டர் வீட்டுல யாராவது கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

அந்தக் குச்சிகளை ஏணியில் பொருத்தி வெல்டிங் வைத்தவர்களில் வெல்டரும் ஒருவன். "மெலிசா இருக்கேன்னு எனக்குத் தோணுச்சு" என்றான். "கையெழுத்தைப் பாத்தேன். உன்னோடது. சரியாத்தான் இருக்கும்னு வெச்சுட்டேன்." அவள் கையை அவன் பிடித்துக்கொண்டான். "பால் குடுக்கத்தானே வந்தே?" என்றான். "அதுக்காக விழுந்தவங்க எழுந்துருவாங்களா?" என்றாள் அவள். மறுநாள் இந்தத் தாளைக் கொண்டுபோய் நீட்டினால் பதினெட்டாவது இடமும் போகும், பத்தொன்பதாவது என்று ஒன்று இருக்காது என்று இருவருக்கும் தெரியும். ஜன்னல் பக்கம் "அம்மா" என்று கேட்டது, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. அவள் பேனாவை எடுத்தாள்.

அச்சடித்த வரிக்குக் கீழே கையால் எழுதினாள். 'நான்காம் வருடம் முதல் பதினோராம் வருடம் வரை, தினமும் மூன்று மணிக்கு வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். ஆறு மில்லிமீட்டர் குச்சி அப்படி ஒரு தாளில் வரையப்பட்டது. கையெழுத்து என்னுடையது.' முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத் தலையைத் தூக்கினபோது வாலு எதிர் நாற்காலியில், மேசை மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தலை கலைந்து, மூக்கு ஒழுகி, முழுசாக. "எத்தனை தடவைதான் பசிக்குதுன்னு சொல்றது?" என்று கோபித்தாள். ஜன்னல் வெயிலில் அவள் நிழல் தரையில் கிடந்தது. அவளை அள்ளித் தூக்கின டிசைனருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. எட்டு வயதுப் பிள்ளையின் கனம் என்ன லேசுப்பட்டதா?

திங்கட்கிழமை டிசைனர் அறைக்குள் நுழைந்ததும் மேலாளர், "நீங்க யாரு? அன்னைக்கு வந்த பொண்ணோட அக்காவா?" என்று கேட்டார். டிசைனர் தாளை மேசையில் வைத்தாள். பக்கத்தில் பூட்டின் வரைபடத்தையும் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கை திரும்பி வந்ததும் ஒரே மூச்சில் வரைந்தது அது. மேலாளரின் கண் முதல் வரியில் ஓடியது, இரண்டாம் வரியில் ஓடியது, மூன்றாம் வரியில் நின்றது. டிசைனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஆனால் கண் மறுபடி நகர்ந்தது. கையால் எழுதியதைப் படித்தது. திரும்ப மேலிருந்து படித்தது. மேசையில் முத்திரை மை ஊறிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ கட்டில் சக்கரத்தை ஓட்டிப் பார்க்கிற சத்தம்.

"இதை ஏன் எழுதினீங்க?" என்று கேட்டார் மேலாளர். கேட்காமலே போன பதினேழு பேருக்கும் சேர்த்து அவர் கேட்ட மாதிரி இருந்தது.

"எழுதலைன்னா என் பொண்ணு வரலைங்க மேடம்."

மேலாளர் ஆச்சரியப்படவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நானும் ரெண்டு வருஷம் எடுத்திருக்கேன்" என்றார். "பாலம் கட்டின ஒரு கம்பெனி. அந்தப் பாலம் இப்ப இல்லை. இங்க சேரும்போது எடுத்துட்டேன், முத்திரையும் விழுந்துடுச்சு, இருபது வருஷமாச்சு. எனக்கு ஒண்ணும் குறையலைன்னுதான் நினைச்சேன்." முத்திரை மையை மூடி வைத்தார். "ஆனா தினமும் சாப்பாட்டுக்குத் தட்டு எடுக்கும்போது ஒண்ணு அதிகமா எடுத்து வெக்கறேன். யாருக்குன்னு தெரியலை. ஆம்பளையா பொம்பளையா, பெரியவங்களா சின்னவங்களா, ஒண்ணும் தெரியலை. எடுத்து வெச்சுட்டு, திருப்பி உள்ள வெக்கறேன்." கண்டிப்பானவர் என்று பேரெடுத்த அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றாமலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் மேலிடத்துக்கு ஃபோன் போட்டார். ஒரு மணி நேரம் வாதாடினார்.

வேலை கிடைத்தது, ஆனால் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. நிலை பழைய கடைசி நிலையேதான். அவள் வரைவதற்கு இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும், அவர் எண்ணி எண்ணிப் பார்த்துத்தான் போடுவார். மேலிடத்தில் இன்னொரு நிபந்தனையும் போட்டார்கள். அவள் வரைந்த ஒவ்வொரு கட்டிலின் காலிலும் ஒரு சின்னத் தகடு, அதில் 'வடிவமைத்தவர் முன்பு ஏணிக் கம்பெனியில் இருந்தவர்' என்று பொறித்திருக்கும். நாளைக்கு ஏதாவது ஆனால் நாங்கள் மறைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளத்தான். டிசைனர் முதல் தகட்டைப் பார்த்த அன்று சாப்பிடவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிகளில் நடந்தது வேறு. நர்ஸ்கள் தகட்டைப் படித்தார்கள். படித்துவிட்டு, நோயாளியைப் படுக்க வைக்கும் முன் பக்கக் கம்பியை இரண்டு தரம் பிடித்து உலுக்கிப் பார்த்தார்கள். மூன்று வருடமாக அந்தக் கட்டில்களிலிருந்து ஒருவரும் விழவில்லை. பூட்டு நல்ல பூட்டு என்பதாலா, உலுக்கிப் பார்ப்பதாலா என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. அவளுக்கு இன்னும் பயம்தான். ஃபோன் அடித்தால் இன்றைக்கும் எடுக்கும் முன் ஆஸ்பத்திரி நம்பரா என்று பார்க்கிறாள். பெயின்டரின் வீடும் நூலகரின் வீடும் எங்கே என்று விசாரித்து இரண்டு இடத்துக்கும் போய் வந்தாள். ஓரிடத்தில் உட்காரச் சொன்னார்கள், ஓரிடத்தில் கதவைச் சாத்தினார்கள். அதை அவள் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலாளர் அவர்கள் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். தனியாகத்தான் வந்தார். வெல்டர் நாலு தட்டு எடுத்து வைத்தான். பதினோரு வயதான வாலு, யாரும் சொல்லாமலேயே சமையலறைக்குப் போய் இன்னொன்று எடுத்து வந்து மேலாளருக்குப் பக்கத்தில் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீரும் ஊற்றி வைத்தாள். "இது யாருக்குடி?" என்றாள் டிசைனர்.

"அவங்ககூட ஒருத்தர் வந்திருக்காங்கல்ல," என்றாள் வாலு, "எவ்வளவு நேரம்மா நின்னுக்கிட்டே இருப்பாங்க?"

மேலாளர் அந்த நாற்காலியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். டிசைனர் அந்தத் தட்டிலும் சோறு வைத்தாள். எல்லாரும் சாப்பிட்டார்கள், மழை வருமா என்று பேசினார்கள், வெல்டர் பட்டறைக் கதை ஒன்று சொல்லிச் சிரிக்க வைத்தான். சாப்பிட்டு முடித்ததும் டிசைனர் ஐந்து தட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்தாள்.